ஆட்சேபணை இல்லாத தண்ணீர்

1970-இல் பிறந்த தமிழ்நாடு குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் பெயரை மாற்றினார்கள்: நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். குடிசைக்கு முன்னால் பெயர்ப்பலகைக்கு விமோசனம்.

சென்னையில் கூவம் கரைக் குடிசையிலிருந்து அகற்றப்பட்ட ஒரு பெண்ணுக்கு, நகருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வாரியத்தின் எட்டு மாடிக் கட்டடத்தில் வீடு கிடைத்தது. அவர் பாத்திரம் துலக்கும் வீடோ சிந்தாதிரிப்பேட்டையை விட்டு நகரவில்லை. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம்தான்; ஆனால் போக, வர ஆகும் மணிக்கணக்கை எந்தக் கண்டக்டர் கிழித்துத் தருவார்?

"இருக்குற இடத்துலயே கட்டிக் குடுங்க சார்" என்று குடிசைவாசிகள் சங்கத்துக்காரர்கள் மனுவோடு வாரியத்துக்குப் போனால், பதில் தயார்: ஆற்றங்கரை, 'ஆட்சேபகரமான புறம்போக்கு', வெள்ளம் வரும், குடியிருக்கக் கூடாது. (ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.)

பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி. அங்கே வரும் தண்ணீருக்கு மட்டும் ஆட்சேபணை இல்லை போலிருக்கிறது.