பதினெட்டுப் பாகைக்காரர்

கல்லடியோ புளியந்தீவோ, எந்த ஒழுங்கையில் குடியிருந்தாலும் அவரை லேசில் கண்டுபிடித்துவிடலாம். கச்சான் காற்று வீசும் பின்னேரத்தில், ஒரு மீன்கூட வாங்காமல் மீன் சந்தையில் ஐஸ் கட்டி மட்டும் கேட்டு நிற்பவர் அவர்தான்.

அவர் வளர்ப்பது அக்சலோட்டல். பாடும் மீன் வாழும் வாவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெக்சிக்கோவின் சொச்சிமில்கோ ஏரிப் பிராணியிடம் மனதைக் கொடுத்துவிட்டார். நாலு கால், ஒரு வால், கழுத்தோரம் சாமரச் செவுள், எந்நேரமும் மாப்பிள்ளைச் சிரிப்பு. வால் வைத்த தவளைச் சாதி இலங்கைக் காடுகளில் கிடையாது, அதனால் வருபவர் எல்லாம் “பல்லி எப்பிடித் தண்ணிக்குள்ள மூச்சு விடுது?” என்றுதான் கேட்பார்கள். பதில் அரைமணி நேரம் நீளும். கால் போனாலும் திரும்ப முளைக்கும் என்பார். மெக்சிக்கோ 2021இல் 50 பெசோ நோட்டில் இதன் படத்தைப் போட்டது என்று சொல்லும்போது நெஞ்சு ஒரு சாண் நிமிரும். வயது வந்தாலும் இது குஞ்சுக் கோலத்திலேயே இருக்கும், கரையேறாது என்று அவர் விளக்க, குசினிக்குள்ளிருந்து குரல் வரும்: “ஓம், ரெண்டும் அப்பிடித்தான்.”

அந்தப் பிராணிக்கு வேண்டியது 16 முதல் 18 பாகை செல்சியஸ். 24ஐத் தாண்டினால் வாடத் தொடங்கும். தண்ணீர் சூடேற ஏற அதிலுள்ள ஒட்சிசனும் குறையும். இதுவோ நிழலில் வைத்த வாளித் தண்ணீரே 29 காட்டும் ஊர். இது இங்கே வந்திருக்கவே கூடாத சீவன் என்பது என் எண்ணம். அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள்!

ஆகவே பிரிட்ஜின் ஐஸ் தட்டு முழுக்க உறைந்த சோடாப் போத்தல்கள். பாரைமீன் வாங்கினால் அன்றைக்கே ஆக்கித் தின்று முடிக்க வேண்டும். பிள்ளைகள் கைவைத்தால் “அது அதுட போத்தல், தொடாத!” இரண்டு போத்தலை ஒன்றாகப் போட்டால் குளிர் திடீரென்று இறங்கி அதற்கு ஆகாது என்று, ஒன்று ஒன்றாக மாற்றிக்கொண்டு தொட்டியடியில் காவல் இருப்பார். வீட்டிலுள்ள ஒரே மேசை ஃபேன் தண்ணீரைப் பார்த்துச் சுற்றும். குடும்பம் பாயோடு திண்ணையில்.

ஊரே திட்டும் கச்சானை அவர் உள்ளூர விரும்புகிறார். மலையைத் தாண்டுமுன்பே ஈரத்தைக் கொட்டிவிட்டு வரும் வறண்ட காற்று அது. ஃபேன் அடிக்கத் தண்ணீர் விறுவிறென்று ஆவியாகும், போகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். இரண்டு மூன்று பாகை இறங்கிவிடும். காற்று விழுந்து, வாவி ஈரம் ஊருக்குள் ஏறிப் புழுங்குகிற நாளில் எந்த ஃபேனும் எடுபடாது. அன்று அவரிடம் கடன் கேட்கப் போகாதீர்கள்.

சில்லர் வாங்கவும் ஒருமுறை எண்ணினார். தொட்டியின் சூட்டை உறிஞ்சி அறைக்குள் ஊதிவிடும் இயந்திரம் அது. “அந்தச் சூட்டுக்குள்ள நாங்க எங்க இருக்கிற?” என்று மனைவி கேட்டதோடு அந்தப் பேச்சு நின்றது.

உத்தியோகத்தர் எல்லாரும் சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்டு அலைகிற நாட்டில், இவர் நுவரெலியாவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். சொச்சிமில்கோ கடல் மட்டத்துக்கு 2,200 மீற்றருக்கு மேலே. நுவரெலியா 1,800க்கு மேலே. இலங்கைக்குள் இதைவிட வேறு போக்கிடம் இல்லையாம்.

“காரணம் என்னெண்டு எழுதின நீங்க?”

“புள்ளைக்குச் சூடு ஒத்துக்கொள்ளுதில்ல எண்டு.”