திருவாளர் அடுத்த வகுப்பு

செப்டம்பர் பிறந்தால் வேல்ஸ் நாட்டில் பள்ளிகள் திறக்கும், மழை கனக்கும், திருவாளர் அடுத்த வகுப்பு சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பைத் திறப்பார். வெல்ஷ் மொழி வகுப்புகளுக்குச் சேர்க்கை தொடங்கிவிட்டது. ஊரில் மற்றவர்கள் வகுப்பில் சேர்வார்கள். இவர் வகுப்பைத் தேர்ந்தெடுப்பார். இரண்டும் வேறு வேறு காரியம் என்பது அவருடன் ஒரு கோப்பை தேநீர் குடித்தவர்களுக்குத் தெரியும்.

தனிப்பெயர் சொல்லி அவரைச் சுட்டத் தேவையில்லை. கார்டிஃபில் ஒருவர் இருக்கிறார், ஸ்வான்ஸியில் ஒருவர் இருக்கிறார், ரெக்ஸமில் தம்பதியாகவே இருக்கிறார்கள். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பாட்டிக்கு வெல்ஷ் தாய்மொழி. அப்பாவுக்குக் கேட்டால் புரியும், வாய் வராது. இவருக்கு வந்து சேர்ந்தது பாட்டி திட்டிய நாலு வார்த்தையும் ரக்பி மைதானத்தில் பாடுகிற தேசிய கீதமும்தான். கீதத்தைக் கண்ணில் நீர் தளும்ப, ஒரு வரிக்கும் பொருள் தெரியாமல், அட்சரம் பிசகாமல் பாடுவார். ஒருநாள் பக்கத்து இருக்கைச் சிறுமி அதே பாட்டைப் பொருள் புரிந்து பாடுவதைப் பார்த்தார். அன்றைக்கு வந்தது வைராக்கியம். வெல்ஷ் கற்றே தீருவது. எங்கே கற்பது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை.

பாதை ஒன்றும் மறைவாக இல்லை. 2016-இல் தொடங்கிய தேசிய வெல்ஷ் கற்றல் மையம் நுழைவு, அடித்தளம், இடைநிலை, உயர்நிலை, மெருகேற்றம் என்று ஐந்து படிகளை வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறது. ஏறவேண்டியதுதான் பாக்கி. நம்மவர் நுழைவு வகுப்பை மாலை நேரத்தில் ஒருமுறை படித்தார். வேகம் போதவில்லை என்று அதையே பகல் நேரத் தீவிர வகுப்பாக மறுபடி படித்தார். கொரோனா காலத்தில் ஜூமில் இன்னொரு தடவை. "அஸ்திவாரம் பலமாக இருக்கவேண்டும் பாருங்கள்" என்பார். அவருடைய அஸ்திவாரத்தின் மேல் இப்போது ஒரு கதீட்ரலைக் கட்டலாம். ஆனால் கொத்தனார் இன்னும் வரவில்லை.

நடுவே வடக்கா, தெற்கா என்ற பிரச்சினை வேறு. பாடநூல்கள் வடக்குப் பதிப்பு, தெற்குப் பதிப்பு என்று இரண்டாக வருகின்றன. வடக்கே பாலுக்கு ஒரு சொல், தெற்கே வேறொரு சொல். 'இப்போது' என்பதற்கும் அப்படியே. இதைப் பார்த்து யாரும் பயப்படவேண்டியதில்லை. வடக்கத்தியாரும் தெற்கத்தியாரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு, ஒரே தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். இருக்கிற இடத்துப் பேச்சைப் படித்தால் போதும் என்று எந்த ஆசிரியரும் சொல்வார். நம்மவர் இருப்பது தெற்கே, கார்டிஃபில். ஆனால் ரத்தபாசம் என்று ஒன்று இருக்கிறதே! பாட்டி பேச்சைத்தான் கற்பது என்று முடிவெடுத்து, பாட்டி பிறந்த ஊரை வரைபடத்தில் தேடினார். அது மஹன்ஹ்லெத் பக்கம். வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை, நட்டநடு. மூன்று மாதம் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சோர்வுக்கு மருந்தாக வந்தது கைப்பேசி. டுவோலிங்கோவில் வெல்ஷ் பாடம் 2016-இல் வந்தது. ஓவன் என்றொரு ஆசாமியும் பார்ஸ்னிப் கிழங்கும் அதில் அடிக்கடி தலைகாட்டுவார்கள். நம்மவர் ஒருநாள்கூட விடவில்லை. மனைவியின் தங்கை கல்யாணத்தன்று தேவாலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து ஓவனுக்குக் கிழங்கு வாங்கிக் கொடுத்தார். 2023-இல் அந்தப் பாடத்தை மேற்கொண்டு புதுப்பிக்கப் போவதில்லை என்ற அறிவிப்பு வந்தது. இருக்கிற பாடங்கள் அப்படியேதான் இருந்தன. அவர் அதில் பாதியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. இருந்தாலும் துக்கம் அனுஷ்டித்துவிட்டு வெளியேறினார்.

அடுத்தது, காதால் கேட்டு வாயால் சொல்லும் முறை. 2009-இல் தொடங்கிய 'சே சம்திங் இன் வெல்ஷ்' பாடத்தில் எழுத்து கிடையாது, புத்தகம் கிடையாது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வரும். அதை வெல்ஷில் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். பிறகுதான் சரியான விடை ஒலிக்கும். காரில் போகும்போது படிக்கத் தோதானது. நம்மவர் சிக்னலில் நின்றபடி "நான் நேற்று உங்களுடன் பேச விரும்பினேன்" என்று உரக்கச் சொல்ல, பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை இறக்கி "என்னிடமா?" என்று கேட்டார். அதைவிடப் பெரிய சங்கடம், பேச்சு நிஜமாகவே வர ஆரம்பித்தது. இது ஆபத்து என்று உள்மனசுக்குப் பட்டிருக்க வேண்டும். "எழுத்துக்கூட்டுத் தெரியாமல் பேசினால் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும்" என்று நிறுத்திவிட்டார்.

எழுத்தைச் சரிசெய்ய கேரத் கிங்கின் தடிமனான இலக்கண நூல் வந்தது. வெல்ஷில் சொல்லின் முதல் எழுத்தே இடத்துக்குத் தக்கபடி மாறும். மென்மையாவது, மூக்கொலியாவது, மூச்சொலியாவது என்று மூன்று வகை. கார்டிஃபின் வெல்ஷ் பெயருக்கே, அங்கே போகும்போது ஒரு தலை, அங்கே இருக்கும்போது வேறொரு தலை. இந்த அத்தியாயத்தை அவர் பச்சை, மஞ்சள், ரோஜா நிறங்களில் கோடிட்டிருக்கிறார். மற்ற அத்தியாயங்கள் அச்சகத்திலிருந்து வந்த மேனிக்கே இருக்கின்றன. புத்தகத்தில் ஒலி இல்லை என்பது இப்போதைய குறை. ஒலிக்கு வகுப்புதான் வழி. வகுப்பென்றால் மறுபடி செப்டம்பர்.

வகுப்பு வகையறாக்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. குடியேறிகளுக்கு ஹீப்ரு கற்பிக்க இஸ்ரேலில் உண்டான தீவிர முறை 1970-களில் வேல்ஸுக்கு வந்த கதையை முக்கால் மணி நேரம் சொல்வார், ஆங்கிலத்தில். ஆகஸ்டில் ஐஸ்டெத்வொட் திருவிழா நடந்தால் முதல் நாளே போய்விடுவார். மேடையில் நடப்பதெல்லாம் வெல்ஷில் மட்டும் என்பது அங்கே விதி. கவிதைக்கு நாற்காலிப் பரிசு வாங்கப்போவது யார் என்று அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இவர் கற்பவர்களுக்கான கூடாரத்தில் துண்டறிக்கைகளைப் பைநிறைய அள்ளிக்கொண்டிருப்பார்.

நான்ட் குர்த்தெய்ர்னுக்கும் போயிருக்கிறார். ஹ்லின் தீபகற்பத்தில், கடலோரப் பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் பழைய கல்குவாரிக் கிராமம் அது. குவாரிகள் மூடியதும் ஆட்கள் கிளம்பிப்போய் வீடுகள் பாழாய்க் கிடந்தன. கார்ல் க்ளவ்ஸ் என்ற மருத்துவரின் முயற்சியால் 1978-இல் அந்தக் கிராமத்தையே வாங்கி, 1982 முதல் அங்கே தங்கிப் படிக்கும் வெல்ஷ் வகுப்புகள் நடத்துகிறார்கள். காலைக் கஞ்சி முதல் ராத்திரி பீர் வரை எல்லாம் வெல்ஷில். நம்மவர் செங்குத்தான வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடி இறங்கி, சிற்றுண்டிச்சாலைக்குள் நுழைந்தார். கல்லாவில் இருந்த பெண் "பொரே டா" என்று காலை வணக்கம் சொன்னாள். இவரும் கம்பீரமாகத் திருப்பிச் சொன்னார். அதை நம்பி அவள் அடுத்து நீளமாக ஏதோ கேட்டாள். இவர் சன்னலுக்கு வெளியே கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டு மேலேறினார். "அருமையான இடம். இன்னும் ஒரு நிலை முடித்துவிட்டு வருகிறேன்" என்று ஊர் திரும்பிச் சொன்னார்.

இப்படிப்பட்டவரால் மொழிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாகாது. சனிக்கிழமைகளில் கற்பவர்கள் தேநீரும் பேச்சுமாகக் கூடும் இடத்தில் புதிதாக வருகிறவர் முதலில் மாட்டுவது இவரிடம்தான். பிரிஸ்டலிலிருந்து வேலைக்கு வந்த ஓர் இளம்பெண் ஒருமுறை மாட்டினாள்.

"எதுல ஆரம்பிக்கலாம் சார்?"

"நீங்க காலையில சுறுசுறுப்பா, ராத்திரியிலயா?"

"காலையில."

"படிச்சா மனசுல நிக்குமா, கேட்டாலா?"

அரை மணி நேர விசாரணைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. செவ்வாய்க் காலை நுழைவு வகுப்பு, தெற்குப் பதிப்பு, பஸ்ஸில் ஒலிப்பாடம், இலக்கண நூலை ஒரு வருடம் தொடவே கூடாது. அத்தனையும் பொன்னான யோசனை. ஊருக்கெல்லாம் வரன் பார்த்து முடித்துவைக்கும் தரகர் தாம் பிரம்மசாரியாகவே இருந்துவிடுவதைப் போல, அவர் கைராசியில் கரையேறியவர்கள் ஏராளம்.

ஒன்றரை வருடம் கழித்து அந்தப் பெண் கடைத்தெருவில் அவரைப் பிடித்துக்கொண்டு வெல்ஷில் பொரிந்து தள்ளினாள். நம்மவர் முகம் மலர்ந்து, ஆங்கிலத்தில், "பிரமாதம்! இப்ப எந்த வகுப்பு?" என்றார்.

"வகுப்பு விட்டாச்சு சார். கொயர்ல பாடுறேன். அங்க எல்லாரும் வெல்ஷ்தான்."

"கொயரா?" அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். "அது எந்த நிலைக்குச் சமம்?"

சிரித்தது போதும், அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் அவரும் துணிந்து வாய் திறந்தவர்தான். ரொட்டிக் கடையில் ஒரு வாக்கியத்தை வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு போய்ச் சொல்லத் தொடங்கினார். வினைச்சொல்லைத் தேடி ஒரு நொடி தயங்கினார். கடைக்காரர் நல்ல மனிதர். இவர் படும் பாட்டைப் பார்த்து இரங்கி, சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். வெல்ஷ் பேசுகிற அநேகமாக எல்லோருக்கும் ஆங்கிலமும் சரளம் என்பதால் இந்தக் கருணை வேல்ஸ் முழுக்கத் தாராளமாகக் கிடைக்கும். தப்பாகப் பேசினாய் என்று ஒருவன் ஏசியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பார். கருணையை எப்படி எதிர்ப்பது? திக்கித் திணறினாலும் ஆங்கிலத்துக்குத் தாவாமல், சம்பளம் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் ஒரே ஆத்மா வகுப்பு ஆசிரியர்தான். அதனால்தான் அவர் வகுப்பைவிட்டு இறங்க மறுக்கிறார். மெருகேற்றம்வரை போய்விட்டால் அதற்கு மேல் படி கிடையாது, தெரு மட்டும்தான் உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த விஷயம் கொஞ்சம் சிக்கலானது. வெல்ஷ் புரியுமா, பேசுவீர்களா, படிப்பீர்களா, எழுதுவீர்களா என்று படிவம் கேட்டது. வகுப்பு பார்த்துச் சொல்வீர்களா என்று ஒரு கட்டம் இல்லை. நாட்டில் வெல்ஷ் பேசுவோர் 5,38,300 பேர், 17.8 சதவீதம் என்று கணக்கு வந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் அது 5,62,000. அரசாங்கமோ 2050-க்குள் பத்து லட்சம் பேர் வேண்டும் என்று 2017-லேயே திட்டம் வகுத்து வைத்திருக்கிறது. நாட்டின் தேவையையும் தம் மனச்சாட்சியையும் எடைபோட்டு, ஓர் இரவு முழுக்க யோசித்து, 'புரியும்' என்ற கட்டத்தில் மட்டும் அவர் ஒரு டிக் போட்டார். பென்சிலால்.

இந்தச் செப்டம்பரிலும் ஆராய்ச்சி நடந்தது. இணையவழியா நேரிலா, வாரம் ஒருநாளா மூன்று நாளா என்று பட்டியல் போட்டு, கூட்டிக் கழித்து, கடைசியில் நுழைவு வகுப்பிலேயே பெயரைக் கொடுத்துவிட்டார். பாடம் தெரிந்ததுதான், ஆனால் ஆசிரியை புதியவர், அபாரமாகச் சொல்லித்தருகிறாராம். பிரிஸ்டல்காரி, கொயரில் பாடுகிறவள். முதல் நாள் வகுப்பில் அவள் ஒவ்வொருவராக எழுந்து தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னபோது, நம்மவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

"ரொம்ப நல்ல டீச்சர். நான் பார்த்துக் கொடுத்த வகுப்புலதான் படிச்சாங்க."