சவுண்டுகார அண்ணன்

ஜாசின் பக்கத்துத் தோட்டக் கோயில் திருவிழாவோ, மலாக்கா டவுனில் கல்யாண டின்னரோ, மேடையோரம் கறுப்புத் துணி போர்த்திய மேசை ஒன்று இருந்தால் அதற்குப் பின்னால் சவுண்டுகார அண்ணன் இருப்பார். அவருடைய மிக்சரில் பாட்டுக்கு ஒரு ஃபேடர், மைக்குக்கு ஒரு ஃபேடர். பாட்டுதான் எப்போதும் இரண்டு விரற்கடை உயரத்தில் நிற்கும். அறிவிப்பாளர் “மணமக்களை” என்று தொடங்குவது கேட்கும். அப்புறம் அவர் வாய் அசைவதும், பேஸ் நம் நெஞ்சில் இடிப்பதும்தான். கடைசி மேசைத் தாத்தா காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டுவார். அண்ணன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்துவார்.

அண்ணனுக்குக் காது மந்தம் என்பது ஊர்ப்பேச்சு. அபாண்டம். பாட்டு அவருக்கு மனப்பாடம். அறிவிப்பாளர் சொல்லப்போவதும் நூறு டின்னரில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். தெரிந்த வரி எவ்வளவு மூழ்கினாலும் மூளை இட்டு நிரப்பிவிடும். விருந்தாளிக்கு அந்த வசதி கிடையாது. பேச்சில் உயிரொலிகளுக்குத்தான் பலம். சொல்லைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் நோஞ்சான்கள். அவற்றின் அடையாளம் பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கிடக்கிறது. கிட்டாரும் கீபோர்டும் ஜால்ராவும் பாய் விரித்துப் படுப்பது அங்கேயேதான். ஆகவே ‘கல்யாணம்’ போய் ‘அஆஅ’ மட்டும் மிஞ்சும். பாட்டில் அந்த இடத்தைக் கொஞ்சம் குழித்துவிட்டு, குரல் வரும்போது பாட்டைத் தணித்தால் போதும். வலைத்தளங்களுக்கான அணுகல் நெறிகளின் கறாரான படியில், பின்னணி ஒலி பேச்சைவிட 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும்; காதுக்கு அது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அண்ணன் வழி வேறு. மைக்கை ஏற்றுவார், அது கீச்சிடும். கீச்சை மறைக்க எக்கோ போடுவார். தகரக் கூரையும் மொசைக் தரையும் ஏற்கெனவே இலவசமாக எக்கோ தருகிற இடத்தில், ஒரு வணக்கம் மூன்று வணக்கமாகத் திரும்பி வரும்.

“கெட்டிமேளம் மட்டும் என்னவாம்?” என்று அண்ணனுக்காக வாதாட ஆளுண்டு. கெட்டிமேளம் எழுவதே அந்த நொடியில் அபசகுனமான சொல் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதான். மேளக்காரர்களுக்குத் தாங்கள் எதை மூடுகிறோம் என்று தெரியும். வேலை முடிந்ததும் நிறுத்தவும் தெரியும். மலாக்காவின் செங் சன்னாசிமலைக் கோயிலுக்கு மாசி மகத்தன்று காவடி வரும்போது உருமி அதிரலாம், அங்கே யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. சத்தம் இருந்தால்தான் விருந்து களைகட்டும் என்பது அடுத்த வாதம். இரைச்சலில் மனிதன் தானாகவே குரலை உயர்த்துவான் என்று லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே எழுதிவிட்டார். பாட்டு ஏற, பத்துப் பேர் மேசையும் கத்தும். மேசை கத்த, அண்ணன் பாட்டை ஏற்றுவார். அது களைகட்டுவதல்ல, ஏலம். பாவம், அவருக்கு நுணுக்கம் தெரியாது என்பது கடைசி வாதம். அதைத்தான் என்னால் ஒப்பவே முடியாது. ‘எம்’ எழுத்தில் எண் தொடங்கும் கார் ஒன்று வாசலை மறித்து நிற்கிறது என்று சீட்டு வரட்டும், பாருங்கள். பாட்டு பட்டென்று இறங்கும், எக்கோ மறையும். எண் ஒவ்வொன்றும் மணிமணியாக, தமிழில் ஒரு தரம், மலாயில் ஒரு தரம். கடைசி மேசைத் தாத்தாகூடச் சட்டைப்பையில் சாவியைத் தடவுவார். அதற்கப்புறம் மணப்பெண்ணின் அப்பா நன்றி சொல்ல மைக்கை வாங்குவார். அண்ணனின் கை பாட்டுப் பக்கம் போகும்.