பல்வரிசையில் ஒரு பெரியப்பா

பல்லுக்குக் கிளிப் போடும் டாக்டரிடம் நாற்பத்தாறு வயதில் போனால், வரவேற்பில் இருக்கும் பெண் நம் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார். "பாப்பா வரலையா சார்?"

"எனக்குத்தாம்மா."

வயது எழுதும் கட்டத்தில் பேனா ஒரு நொடி நின்றது. கூடத்தில் என்னைத் தவிர எல்லோரும் ஸ்கூல் யூனிஃபார்மில் இருந்தார்கள். பக்கத்து நாற்காலிப் பையன் தன் பல்லைக் காட்டி, "நான் சிஎஸ்கே மஞ்சள் ரப்பர் போட்டிருக்கேன் அங்கிள், நீங்க என்ன கலர்?" என்றான். சக நோயாளி என்ற உரிமை. சாம்பல் என்றேன். அவனுக்கு என் மேல் இருந்த மரியாதை அத்தோடு போயிற்று.

அழகுக்காகப் போடவில்லை என்று எல்லோரிடமும் சொல்கிறேன், ஒருவரும் நம்பவில்லை. விஷயம் இதுதான்: என் மேல்வரிசை கீழ்வரிசையை அளவுக்கு மீறி மூடிக்கொண்டிருந்தது. கடிக்கும்போதெல்லாம் கீழ்ப்பற்கள் மேல் முன்பல்லின் பின்புறத்தில் போய் இடித்தன. இடிக்க வேறு பல்லா கிடைக்கவில்லை? வாயிலேயே பலவீனமான பல் அதுதான்.

அதற்குக் காரணம் எங்கள் தெருவில் இருந்த இந்தியா மார்க் 2 அடிபம்பு. போர் ஆழமாக இருந்தால், அடித்துவிட்டுக் கையை எடுத்ததும் உள்ளே தொங்கும் கம்பியின் கனத்தில் கைப்பிடி விர்ரென்று மேலே வரும். அக்கா கையை எடுத்தாள். அடுத்து என் முறை என்று நான் குனிந்தேன். பல் விழவில்லை, ஆடியது, பிறகு நின்றது. "ஒண்ணுமில்ல, உப்புத் தண்ணியில கொப்பளி" என்று அப்பா கேஸை முடித்துவிட்டார். கல்லூரிக் காலத்தில் அந்தப் பல் சாம்பல் நிறமாகி, ரூட் கெனால் வரை போனது. அக்கா இன்றுவரை, "நீ ஏன் அங்க வந்து நின்ன?" என்றுதான் கேட்கிறாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கினார். பக்கத்துப் பல்லின் வேர் கூராக நீண்டு போகிறது. இதன் வேரோ ஓரமெல்லாம் அரித்து, நுனி மழுங்கி, பாதி வழியில் நின்றுவிட்டது. மேல் முன்பல்லுக்குச் சராசரியாக 13 மில்லிமீட்டர் வேர் இருக்குமாம். எனக்கு இருப்பது 9.

கம்பி பல்லை இழுத்துக்கொண்டு போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே நடப்பது வேறு. பல் அழுத்தும் பக்கத்தில் எலும்பைத் தின்னும் செல்கள் வந்து கூடுகின்றன. விலகிய பக்கத்தில் எலும்பு கட்டும் செல்கள் புது எலும்பு வைக்கின்றன. இடித்தும் கட்டியும் மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வாக்கில் பல் நகர்கிறது. சிக்கல் என்னவென்றால், தின்ன வந்த கூட்டம் சில சமயம் எலும்போடு நிறுத்திக்கொள்ளாமல் வேரையும் கொஞ்சம் ருசி பார்த்துவிடும். நல்ல வேர் தாங்கும். அடிபட்டு ஏற்கெனவே குட்டையான வேர் எவ்வளவுதான் கொடுக்கும்?

இன்னொரு சந்தேகமும் இருந்தது. அடிபட்ட பல்லின் வேர் எலும்போடு ஒட்டிப்போயிருந்தால் எந்தக் கம்பிக்கும் அசையாது. டாக்டரம்மா கண்ணாடியின் கைப்பிடியால் முதலில் பக்கத்துப் பல்லைத் தட்டினார், பிறகு இதை. ஒட்டிப்போன பல் என்றால் கணீரென்று உலோகச் சத்தம் வருமாம். என்னுடையது "டொக்" என்றது. இத்தனை சந்தோஷமாக ஒரு டொக்கை நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அந்தப் பல், கல்யாண வீட்டுக்கு வந்திறங்கிய பெரியப்பா ஆகிவிட்டது. பத்திரிகை முதலில் அவருக்கு, பந்தியில் இலை முதலில் அவருக்கு. ஒரு சொல் தவறினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மற்ற பற்களுக்கெல்லாம் முதலிலேயே பிராக்கெட் ஒட்டிக் கம்பி மாட்டினார்கள். பெரியப்பாவைக் கொஞ்ச காலம் சேர்க்கவே இல்லை. சேர்த்தபோதும் இருப்பதிலேயே மெல்லிய விசைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன எக்ஸ்ரே. வேர் குறைகிறது என்று தெரிந்தால் இரண்டு மூன்று மாதம் மொத்த வேலையும் நிறுத்தம். ஆரோக்கியமான பற்கள் அத்தனையும் நகரத் தயாராக இருந்துகொண்டு அவர் முகத்தையே பார்க்கின்றன.

கம்பிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிடினால் என்ற இந்த உலோகம் பிறந்தது அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில். எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் பிடிவாதம் கொண்டது. 1970களில் பல் மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தது. என் வாயில் இருக்கும் வகை சூட்டில் விறைக்கும், குளிரில் தளரும். காலையில் டிகிரி காப்பி ஒரு வாய் போனதும் வரிசை முழுக்க விண்ணென்று இழுக்கிறது. ஐஸ் தண்ணீரைக் கொப்பளித்தால் சமாதானம். காப்பிக்குப் பின் ஐஸ் தண்ணீர் என்ற இந்தப் பழக்கத்தை வீட்டில் பைத்தியக்காரத்தனத்தின் ஆரம்பமாகப் பார்க்கிறார்கள்.

அம்மாவின் கவலை வேறு. "தெத்துப்பல் அதிர்ஷ்டம்டா, அதைப் போய் ஏண்டா நேராக்குற?" என்று முதலில் கேட்டாள். தீபாவளிக்குக் கடினமான எதையும் கடிக்கக் கூடாது என்று தெரிந்ததும் கேள்வியை விட்டுவிட்டு முறுக்கை உரலில் போட்டு இடித்து, டம்ளரில் நிரப்பி, ஸ்பூன் சொருகிக் கொடுத்தாள். சாப்பிட்டேன். முறுக்கின் ருசி முழுக்க அந்த மொறுமொறுப்பில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. டம்ளரில் இருந்தது எள்ளு போட்ட உப்பு மாவு.

போன வாரம் பெரியப்பாவுக்கு எக்ஸ்ரே. டாக்டரம்மா பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "அப்படியே இருக்கு. நல்லா ஒத்துழைக்கிறார்" என்றார். அந்தப் பெயரை நான் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"கிளிப்பைக் கழற்றினா முடிஞ்சதா டாக்டர்?"

"ரீடெய்னர் தருவேன். ராத்திரி மட்டும் போட்டாப் போதும்."

"எத்தனை நாளைக்கு?"

"பல்லு இருக்கிற வரைக்கும்."

எந்தப் பல் இருக்கிற வரைக்கும் என்று கேட்பதற்குள் வாய்க்குள் கண்ணாடியை விட்டுவிட்டார்.