தாண்டியாச்சா?

பொங்கல் லீவு முடிந்துவிட்டது, ஸ்டேட்டஸ்தான் முடியவில்லை. ஜன்னல் சீட்டிலிருந்து ஆடிக்கொண்டே எடுத்த புளியமரம், அதன்மேல் உடைந்த இதயம் ஒன்று. பிள்ளை போவது கனடாவுக்கு அல்ல, தாம்பரத்துக்கு. அதையாவது மன்னிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்துக்கு விழுப்புரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி, திண்டிவனத்தில் ஒன்று. கவுன்சலிங்கில் ஊர் மாறி விழுந்தவன், நாற்பதே கிலோமீட்டர் தள்ளி ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு 'மிஸ் யூ திண்டிவனம்' போடுகிறான். டவுன் பஸ்ஸுக்குச் சற்றே பெரிய தூரம், அவ்வளவுதான்.

இந்தப் பாசம் மண்ணிலிருந்து வருவதல்ல, பக்கத்துக் கட்டில்காரனிடமிருந்து வருவது என்பது என் கட்சி. மதுரைக்காரன் கோயிலைச் சொல்வான், நெல்லைக்காரன் அல்வாவை நீட்டுவான். விழுப்புரம் என்று சொன்னால் மட்டும் ஊர் உலகமே, "ஓ, அந்த வழியா போயிருக்கேனே!" என்கிறது. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஜங்ஷன். ஐந்தும் வெளியே போகத்தான். நடுராத்திரியில் போர்வையை விலக்குகிறவர் "விழுப்புரம் வந்துடுச்சா?" என்றா கேட்கிறார்? "தாண்டியாச்சா?" என்றுதான் கேட்கிறார். பஸ்காரர்களோ இன்னும் மோசம்: "விழுப்புரம் டீ மகா மட்டம்ப்பா!" அவர்கள் குடித்தது விக்கிரவாண்டி தாண்டி ஏதோ மோட்டலில். அது எங்கள் ஊரே இல்லை என்று நிரூபிக்க விழுப்புரத்துக்காரன் மேப்பைத் திறக்கிறான். அதற்குள் திண்டிவனத்துக்காரன், "எங்க ஊர்ல பைபாஸ்ல போயிடுவீங்க, டீகூட கிடையாது" என்று தன் பங்குக்குப் புலம்புகிறான். தினம் ராத்திரி இப்படி வாதாடினால் எந்த ஊர்மேலும் காதல் வரும்.

பிறந்த ஊர்ப்பற்று இயற்கைதானே என்பீர்கள். பிளஸ் டூ வரை "இந்த ஊர்ல என்ன இருக்கு?" என்று முனகியபோது அந்த இயற்கை எங்கே போயிருந்தது? மாவட்டப் பெருமை என்றால், 1993 வரை இது தென்னார்க்காடு. 2019-இல் பிரிந்துபோன கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள் ஒரே அரசாணையில் வேறு மாவட்டத்துக்குப் பெருமைப்படத் தொடங்கிவிட்டார்கள். செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதே என்றால், அதைச் செஞ்சிக்காரனிடம் சொல்லிப் பாருங்கள், பங்கு கொடுக்கிறானா என்று. உண்மையில் பெருமைப்பட ஒன்று உண்டு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 2 நிலக்கடலையை ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் காடுகாடாக விதைத்தார்கள். அந்த மூன்று எழுத்தும் திண்டிவனம்தான். நம்மாள் அம்மா கொடுத்தனுப்பிய அவித்த மல்லாட்டையை, அதாவது அதே நிலக்கடலையை, உரித்து வாயில் போட்டுக்கொண்டே சொல்கிறான்: "எங்க ஊர்ல ஒண்ணும் இல்ல மச்சி, ஆனா கெத்து!"