ஊரிகத்து வீட்டு நீச்சல் குளங்களுக்கேற்ற தானியங்கித் துப்புரவுப் பொறி: ஒரு முன்னாய்வு

கோலார் தங்க வயலைச் சேர்ந்த ஊரிகத்தில் வீட்டு நீச்சல் குளம் ஏது என்று கேட்பவர்கள் வரையறையைப் படிக்காதவர்கள். ஆள் முழுதாக உள்ளே இறங்க முடிய வேண்டும். இறங்கினால் நனைய வேண்டும். ஏறி வர ஒரு வழி இருக்க வேண்டும். இம்மூன்றும் அமைந்த நீர்நிலை நீச்சல் குளமே. அந்தக் கணக்கில், வாசலில் சிமெண்ட் மூடி போட்டு மேலே ஸ்கூட்டரும் நிறுத்தி வைத்திருக்கும் சம்ப் ஒவ்வொன்றும் நீச்சல் குளம்தான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சம்ப் ஆறடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி ஆழம். கொள்ளளவு சுமார் 4,200 லிட்டர். ஒலிம்பிக் குளத்தின் நீளம் 50 மீட்டர். அந்தத் தூரத்தை இதில் நீந்த 27 தடவை திரும்ப வேண்டும். ஆனால் சராசரி உயரமுள்ளவர் கையை நீட்டிப் படுத்தால் புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறார். உலக சாதனைகள் இங்கே பதிவாகாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்து, அழுக்கு. மற்ற ஊர்க் குளங்களில் இலை விழும், பூச்சி விழும். ஊரிகத்தில் விழுவது மலை. சயனைடு கொண்டு தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய அரைகல்தான் சுற்றிலும் சயனைடு மலையாக நிற்கிறது. 13 மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன். ஆடிக் காற்று கிளம்பினால் அதில் ஒரு பங்கு பறந்து வந்து, எவ்வளவு இறுக்கி மூடினாலும், சம்ப்பின் அடியில் சாம்பல் நிறச் சேறாகப் படிகிறது. இந்த மேடுகளை ஏலம் விட 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. காரணம், அதில் இன்னும் தங்கம் இருக்கிறது: டன்னுக்கு ஒரு கிராமுக்கும் கீழே. அப்படியானால் வீட்டுச் சேற்றிலும் இருக்க வேண்டுமே என்று கேட்கும் வாசகருக்காகக் கணக்கும் போட்டாயிற்று. ஐந்து கிலோ சேறு பிடிக்கும் வாளியில் ஐந்து மில்லிகிராம் கூடத் தேறாது. மூக்குத்திக்கு ஒரு கிராம் சேர்க்க 200 வாளிக்கு மேல் அள்ள வேண்டும். வருஷத்துக்கு இரண்டு வாளி வீதம் போனால், நிச்சயமான பெண்ணின் கொள்ளுப்பேத்தி அதைப் போட்டுக்கொள்ளலாம்.

இனிப் பொறிக்கு வருவோம். குளத்தின் தரையில் தானே ஊர்ந்து அழுக்கை உறிஞ்சும், சக்கரமும் பல்சக்கரமும் இல்லாத கருவியை உருவாக்கியவர் ஃபெர்டினாண்ட் ஷோவியே என்ற நீரியல் பொறியாளர். பெல்ஜியக் காங்கோவிலிருந்து 1951-இல் தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 1974-இல் வெளிவந்த அக்கருவியின் பெயர் கிரீப்பி கிராலி. அது பிறந்த இடம் ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே உள்ள ஸ்பிரிங்ஸ். ஸ்பிரிங்ஸ் எப்படிப்பட்ட ஊர்? தங்கச் சுரங்க ஊர்! ஆக, குளம் கழுவும் பொறியும் கோலார் தங்க வயலும் ஒருவகையில் பங்காளி உறவு. அங்கே சுரங்கத்தை ஒட்டி நீச்சல் குளம் வந்தது, இங்கே சுரங்கத்தை ஒட்டித் தண்ணீர் லாரி வந்தது என்பதெல்லாம் பங்காளிகளுக்குள் சகஜம்.

சந்தையில் மூன்று வகை உண்டு. முதலாவது உறிஞ்சு வகை: குளத்தின் மோட்டாரோடு குழாயை இணைத்துவிட்டால் அது இழுக்கிற இழுப்பில் ஊர்ந்து போகும். இது ஊரிகத்தில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. சம்ப் மோட்டாரைப் போட்டால் அடிச்சேற்றை இழுத்து, மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் டேங்கில் பத்திரமாகச் சேர்த்துவிடும். சேறு இடம் மாறுகிறதே ஒழிய வீட்டை விட்டுப் போவதில்லை என்ற ஒரு குறையைத் தவிர இம்முறையில் பிழை சொல்ல முடியாது. உறிஞ்சு பம்ப் கடல் மட்டத்தில் சுமார் 10.3 மீட்டர் வரைதான் தண்ணீரைத் தூக்கும். ஊரிகம் இருப்பது ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், ஆகவே அதிலும் ஒரு மீட்டர் குறையும். ஐந்தடிச் சம்ப்புக்கு இந்தத் தகவல் தேவையில்லைதான். ஆனால் ஆய்வென்றால் இதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது அழுத்த வகை. தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் வேகத்தில் ஓடுவது. நம் குழாயில் முதலில் காற்று வரும், பிறகு இருமல் வரும், பிறகுதான் தண்ணீர். அதுவும் எந்த நாள் என்பது வாட்டர்மேனுக்கே வெளிச்சம். பாலாற்றைப் பேத்தமங்கலத்தில் தேக்கி, அங்கிருந்து பம்ப் செய்து சுரங்கத்துக்கும் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் அனுப்பிய காலத்தில் இந்த வகை தேறியிருக்கலாம். இப்போது தள்ளுபடி.

மூன்றாவது ரோபோ. 1983-இல் இஸ்ரேலில் யிஸ்ரயேல் என்னும் கிப்புட்ஸில் தொடங்கிய மேட்ரானிக்ஸ் இதில் பெயர் பெற்றது. இதற்கு மின்சாரம் வேண்டும், அந்தத் தகுதியில் ஊரிகத்தை யாரும் மிஞ்ச முடியாது. சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே தங்க வயலுக்குக் கரண்ட் வந்துவிட்டது. பெங்களூர் அதற்கு 1905 வரை காத்திருந்தது. தடையாக நிற்பது வடிகட்டிதான். நுண்வடி என்று விற்பதில் பலவும் 50 மைக்ரான் அளவுதான். நம் மலைத்தூசியிலோ அதைவிட மெல்லியது நிறைய. ரோபோ ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் துப்பிக்கொண்டே போகும். தவிர, சம்ப்பின் வாய் இரண்டடிச் சதுரம். ரோபோ இறங்கிவிடும், ஆனால் ஃபுட்வால்வுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் அதை மீட்க யாராவது இறங்க வேண்டும். இறங்கத்தான் ஆள் வேண்டுமென்றால் ரோபோ எதற்கு?

ஊரிகத்தின் மிகப் பெரிய குளத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பிறகு கீழே தேங்கிய நீரைக் கேட்பாரில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மட்டும் சுமார் 3,200 மீட்டர் ஆழம். வீட்டு ரோபோவின் வயர் பொதுவாக 18 மீட்டர். மிச்சத்துக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடலாமா என்பதை அடுத்த ஆய்வுக்கு ஒதுக்கிவைக்கிறோம்.

இத்தனை ஆராய்ந்த பின் மிஞ்சுவது நான்காவது வகை. வீட்டின் கடைசிப் பையன். எடை முப்பது கிலோவுக்குள், தோள் அகலம் இரண்டடிக்குள் என்பது தகுதி. சுவர் ஏறுவான், மூலையைத் தானே கண்டுபிடிப்பான், மாட்டிக்கொண்டால் கத்துவான். கடைசியாகச் சொன்ன வசதி எந்த வெளிநாட்டு மாடலிலும் கிடையாது. உத்தரவாதக் காலம்தான் குறைவு. ஒன்பதாம் வகுப்பில் தோள் விரிந்துவிடும். அதன் பிறகு படிப்பு, பிறகு விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் கிளம்பும் பெங்களூர் ரயில்; இருட்டிய பின்தான் திரும்புவான். ஞாயிற்றுக்கிழமை தூங்குவான்.

பொறியை இயக்குபவர் தாத்தா. சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் பாதுகாப்பு நடைமுறையில் சமரசமே இல்லை. மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட வேண்டும். கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கி, அணையாமல் எரிகிறதா பார்க்க வேண்டும். காலைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இடுப்பில் கயிறு. மேலே இரண்டு பேர். அஞ்சடிக் குழிக்கு இவ்வளவா என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சிரித்தால் அவர் காதில் வாங்குவதில்லை.

கள ஆய்வின்போது பதிவான உரையாடல் விலை நிர்ணயத்துக்கு உதவும் என்பதால் அப்படியே தருகிறோம்.

"தாத்தா, அந்த ரோபோ இன்னா வெல?"

"லச்ச ரூபான்றான்."

"அப்ப எனக்கு ஐநூறு குடு."

"பத்தாயிரம் அடி எறங்குனதுக்கே எனக்கு அவ்ளோ குடுக்கலடா. எறங்கு."