சேறே பார்க்காத வண்டி

பிரிட்டனில் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. ‘சேற்றையே பார்க்காத வண்டி சார்’ என்பதோடு சரி. மேடுபள்ளம் ஏறவென்றே செய்த வண்டிக்கு இப்படியொரு நற்சான்றிதழ்!

மூன்று வயதைத் தாண்டிய கார் அங்கே ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனைக்குப் போயாக வேண்டும். இணையத்தில் பதிவு எண்ணைத் தட்டினால் பாஸ், ஃபெயில், ஓடிய மைல் என்று முழு ஜாதகமும் காசில்லாமல் வந்து விழும். டிஃபெண்டரின் மேனி பெரும்பாலும் அலுமினியம். துரு அண்டாது என்று பெருமை. அதைச் சுமக்கும் சேஸி எஃகு. அது பெருமை பேசாமல் துருப்பிடிக்கும். ஜாதகத்தில் ஓராண்டு ‘லேசான துரு’ என்றிருக்கும். மறு ஆண்டு ‘லேசான’ உதிர்ந்திருக்கும். அதற்கடுத்து ஃபெயில், சில நாளில் பாஸ். வெல்டிங்காரர் வாழ்க! முந்தைய ஆண்டைவிட மைல் கணக்கு குறைந்திருந்தால், வண்டி அவ்வளவு தூரமும் ரிவர்ஸிலேயே போனது என்று நம்புபவர்கள் பாக்கியவான்கள்.

எல்லாம் பாஸ் என்றாலும் மயங்க வேண்டாம். என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்று எம்.ஓ.டி. பார்ப்பதே இல்லை. 40 வயது கடந்து, பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கோ சோதனையே கட்டாயமில்லை, முதியோர் சலுகை! ஆகவே டார்ச்சும் சிறு சுத்தியலுமாக வண்டிக்கடியில் நீங்களே படுத்துப் பாருங்கள். விற்பவர் தடுத்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுங்கள்.